இறங்கும்போது வரும் எஃப் ஷார்ப்

நேற்று இரவு பியானோவில், சி மேஜர் சுருதியில் ஒரு மினுவெட் (மூன்று தட்டில் நடக்கும் பழைய ஐரோப்பிய நடன இசை) கையில் பிறந்தது. எதிரில் தாள் இல்லை, முன்கூட்டியே யோசித்த மெட்டும் இல்லை. முதல் எட்டு பார் (தாளச் சுற்று) ஜி மேஜரில் போய் முடிந்தது. அடுத்த எட்டு பார் சி மேஜருக்குத் திரும்பியது. காலையில் பதிவைப் போட்டுக் கேட்டேன். அப்போதும் பிடித்திருந்தது! முன்பெல்லாம் மனோதர்மமாக வாசிக்கிறேன் என்று உட்கார்ந்தால் பெடலை அழுத்திக்கொண்டு நாலு கார்டுகளை, அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டுகளை, சுற்றிச் சுற்றி வருவேன். இதில் வாக்கியம் இருக்கிறது, முற்றுப்புள்ளி இருக்கிறது.

காரணம் ஆக்டேவ் விதி. இடக்கையின் பேஸ் (கீழ்க்குரல்) சுரவரிசையில் ஏறி இறங்கும்போது, ஒவ்வொரு சுரத்துக்கும் வலக்கையில் எந்தக் கார்டு என்று சொல்லும் பழைய பாடம் அது. ஏறுவரிசை சீக்கிரமே விரலுக்கு வந்துவிட்டது. என்னைப் படுத்தியெடுத்தது இறங்குவரிசையில் வரும் ஏ. ஏறும்போது இடக்கை ஏ-க்கு வலக்கையில் சி, எஃப் போதும். இறங்கும்போது அதே ஏ-க்கு சி, டி, எஃப் ஷார்ப் (எஃப்-ஐவிட அரைச்சுரம் மேல்) வேண்டும். ஏ-யைத் தொடுவதற்கு முன்பே, அடுத்து எங்கே போகிறோம் என்பது கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். மெட்ரோனோமைக் குறைத்துப் பார்த்தேன், பேஸ் வரியை வாய்விட்டுப் பாடிக்கொண்டே வாசித்தேன், வலக்கையின் மூன்று நிலைகளையும் தனித்தனியாகப் பழகினேன். எஃப் ஷார்ப் நடுவிரலில் மாட்டும் நிலைதான் கடைசிவரை முரண்டு பிடித்தது.

பிறகுதான் உறைத்தது. பி, ஏ, ஜி என்று இறங்கும் அந்த மூன்று சுரங்களும் ஜி மேஜரின் மூன்று, இரண்டு, ஒன்று. அந்த எஃப் ஷார்ப் கார்டு, ஜி மேஜரில் இரண்டாம் சுரத்துக்கு விதி சொல்லும் கார்டேதான். எஃப் ஷார்ப் ஜி-க்கு ஏறுகிறது, சி பி-க்கு இறங்குகிறது, டி இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஜி-யிலேயே நின்றுவிட்டால் சுருதி மாறிவிட்டது. வலக்கையை அசைக்காமல் பேஸை மட்டும் எஃப்-க்கு இறக்கினால், அது ஈ-யில் போய் விழுந்தே ஆக வேண்டும். மறுபடி சி மேஜர். மினுவெட்டின் போக்குவரத்து முழுவதும் இந்த ஓர் இடத்தில்தான் நடந்தது. ஈ ஃப்ளாட் மேஜரில் அதே வேலையை ஏ நேச்சுரல் செய்கிறது.

இதையெல்லாம் பியானோ வகுப்புகளில் ஏன் சொல்லித்தருவதில்லை என்பது எனக்குத் தீராத ஆற்றாமை. 18-ஆம் நூற்றாண்டு நேப்பிள்ஸ் இசைப்பள்ளிகளில் சிறுவர்களுக்கு இது அன்றாடப் பாடம்; வெறும் பேஸ் வரியைக் கொடுத்து, மற்றதைக் கீபோர்டிலேயே நிரப்பச் சொல்வார்கள். 1829-இல்கூட பியானோ ஆசிரியர் செர்னி, உடனுக்குடன் இசை புனைவதற்கென்றே ஒரு பயிற்சி நூல் வெளியிட்டார். பிறவி மேதைகளுக்கு மட்டுமே இது வாய்க்கும் என்ற பேச்சை நான் ஏற்கமாட்டேன்.

பயிற்சிக்கு அந்த நேப்பிள்ஸ் பள்ளிகளின் ஆசிரியர் ஃபெனரோலியின் பேஸ் வரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். காப்புரிமை முடிந்தவை, இலவசமாகவே கிடைக்கின்றன. டிஜிட்டல் பியானோ இருந்தால் மிடி பதிவும் (எந்தக் கட்டையை எப்போது அழுத்தினோம் என்ற குறிப்பு) எடுங்கள். இணை ஐந்தாம் இடைவெளிகள் (இரண்டு குரல்கள் ஐந்தாம் சுர இடைவெளி மாறாமல் சேர்ந்தே நகரும் பிழை) காதுக்குத் தப்பினாலும் திரையில் அகப்பட்டுவிடும். ஆனால் மெட்ரோனோம் இல்லாமல் பதிந்தால் மென்பொருள் தாளக் குறிகளைக் கந்தலாக்கிவிடுகிறது.

மைனர் சுருதிகள் இன்னும் பாக்கி. அதற்குள் இரண்டு குரல் ஃபியூக் (ஒரே கருவைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பாடும் வடிவம்) தொடக்கம் ஒன்றை முயல ஆசை வந்துவிட்டது. அதற்கான கருவைக்கூடத் தேர்ந்துவிட்டேன். இப்போதைக்கு ஏ மைனர். இறங்கும் எஃப்-இன் மேல் டி ஷார்ப் வைத்தால் ஆக்மென்டட் சிக்ஸ்த் (பெரிய ஆறாம் இடைவெளியைவிட அரைச்சுரம் அகன்றது) வருகிறது. இரண்டும் எதிரெதிராக விலகி ஈ-யில் சேர வேண்டும். மெதுவாக வாசித்தால் சேர்கிறது, வேகத்தில் இன்னும் இல்லை.