மயாமி ஏலத்தில் கடலோரக் காண்டோ: வழக்குப் போட்டது யார் என்று முதலில் பாருங்கள்

ஃப்ளோரிடாவின் மயாமி-டேட் கவுண்டியில் ஃபோர்குளோஷர் ஏலம், அதாவது கடன் பாக்கிக்காக நீதிமன்றத் தீர்ப்பின்படி வீட்டை விற்கும் ஏலம், இணையத்தில்தான் நடக்கிறது. சந்தை படுத்துக்கிடக்கும் காலத்தில், பிஸ்கேன் விரிகுடாவைப் பார்த்தபடி இருக்கும் இரண்டு பெட்ரூம் காண்டோ (அடுக்ககத்தில் தனி உரிமையுள்ள வீடு) இருபதாயிரம் டாலருக்குக்கூடப் போகும். அதே கட்டடத்தில் அதே அளவு வீடு ஆறு லட்சத்துக்கும் போகும். முதலாவதை எடுத்தவருக்கு அதிர்ஷ்டம் அடித்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் அவர் வழக்குக் கட்டைப் பிரித்தே பார்த்திருக்க மாட்டார்.

வழக்குப் போட்டது யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் அடமானம் வைத்திருக்கும் வங்கி போட்ட வழக்கு என்றால், அதற்குப் பின் வந்த கடன்கள் ஏலத்தோடு வீட்டை விட்டுப் போய்விடும். ஆனால் அந்தக் கடன்காரர்களை வழக்கில் பிரதிவாதியாகச் சேர்த்திருக்க வேண்டும். ஒருவரை விட்டிருந்தாலும் அவர் பாத்தியதை வீட்டோடு ஒட்டிக்கொண்டு வரும். மாதக் கட்டணம் வரவில்லை என்று அசோசியேஷன் (கட்டடத்தை நடத்தும் வீட்டு உரிமையாளர் சங்கம்) போட்ட வழக்கு என்றால் கதையே வேறு. வங்கியின் முதல் அடமானம் ஒரு சென்ட் குறையாமல் அப்படியே நிற்கும். இருபதாயிரத்துக்கு வாங்கியவர் மீது வங்கி பிறகு தன் வழக்கோடு வரும். வங்கி வரும்வரை வாடகைக்கு விட்டுக் காசு பார்க்கலாம் என்று தெரிந்தே வாங்குகிறவர்களும் உண்டு. அது வேறு தொழில்.

எனவே வழக்கு எண்ணை வைத்து நீதிமன்ற கிளார்க் அலுவலகத் தளத்தில் மூன்றைத் திறந்து படியுங்கள்: இறுதித் தீர்ப்பு, லிஸ் பென்டென்ஸ் (சொத்தின் மேல் வழக்கு இருக்கிறது என்ற பதிவு அறிவிப்பு), பிரதிவாதிகள் பட்டியல். அதில் அமெரிக்க அரசின் பெயர் வருமான வரி லீனுக்காக (பாக்கிக்காக வீட்டின் மேல் பதிந்த பிணை உரிமை) இருந்தால், ஏலத்துக்குப் பிறகு 120 நாள் வரை அரசு அந்த வீட்டை மீட்டுக்கொள்ளலாம். அந்த நாட்கள் முடியும்வரை கிச்சனை இடித்துக் கட்டுகிற வேலை வேண்டாம்.

பணக் கணக்குக்கு வருவோம். ஏலத் தொகையில் 5 சதவீதம் முன்பணம், மீதி முழுவதும் அடுத்த வேலை நாளுக்குள். வங்கிக் கடனுக்கு நேரமே கிடையாது, ரொக்கம்தான். 6,00,000 டாலருக்கு எடுத்தால் முன்பணம் 30,000. நீதிமன்றப் பதிவேட்டுக் கட்டணம் முதல் 500 டாலருக்கு 3 சதவீதம், மீதிக்கு 1.5 சதவீதம், ஆக 9,007.50. பத்திர முத்திரை வரி இந்தக் கவுண்டியில் வீடுகளுக்கு நூறு டாலருக்கு 60 சென்ட், அது ஒரு 3,600. மீதியைக் கட்டத் தவறினால் மறு ஏலச் செலவு முன்பணத்தில்தான் கழியும். எதிரில் நிற்கும் வங்கி தீர்ப்புத் தொகை வரை கையிலிருந்து ரொக்கம் போடாமலே கேட்கலாம், அதனால் அதோடு வீம்புக்கு ஏட்டிக்குப் போட்டி கேட்பதில் பயனில்லை. ஏல நாள் காலையில் வீட்டுக்காரர் திவால் மனு போட்டு ஏலமே நின்றுபோவதும் சகஜம். ஏலம் முடிந்து விற்பனைச் சான்றிதழ் பதிவாகி, பத்து நாளுக்குள் ஆட்சேபம் வராவிட்டால்தான் உரிமைச் சான்றிதழ் உங்கள் பெயருக்கு வரும்.

இதுவரை சொன்னது எந்த வீட்டுக்கும் பொருந்தும். காண்டோவில் ஆளைக் கவிழ்ப்பது அசோசியேஷன் பாக்கி. ஃப்ளோரிடா சட்டம் 718.116-இன்படி, பழைய உரிமையாளர் வைத்துப்போன மாதக் கட்டணப் பாக்கி முழுவதற்கும் புது உரிமையாளரும் பொறுப்பு. முதல் அடமான வங்கி எடுத்தால் 12 மாதக் கட்டணம் அல்லது மூலக் கடனில் 1 சதவீதம், இரண்டில் எது குறைவோ அதோடு தப்பித்துவிடும். வெளியாள் நமக்கு அந்தச் சலுகை கிடையாது. மாதம் 1,200 டாலர், மூன்று வருடப் பாக்கி என்று வையுங்கள். அசல் 43,200. கட்டட ஆவணத்தில் வட்டி விகிதம் சொல்லாவிட்டால் சட்டப்படி ஆண்டுக்கு 18 சதவீதம். மாதம் மாதமாகப் போட்டால் 11,000-க்கு மேல் வரும். தாமதக் கட்டணம் தவணைக்கு 5 சதவீதம் என்றால் இன்னொரு 2,160. வக்கீல் செலவைச் சேர்க்காமலே 56,000 தாண்டிவிட்டது. பாக்கி எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்கும் உரிமை உரிமையாளருக்கும் அடமானக்காரருக்கும்தான் உண்டு, ஏலம் கேட்பவருக்கு இல்லை. அசோசியேஷன் வழக்கில் போட்ட பதில் மனுவும், கவுண்டிப் பதிவேட்டில் இருக்கும் லீனும்தான் நமக்குக் கிடைக்கிற தடயம்.

அடுத்தது கட்டடம். மயாமி பக்கத்துச் சிறு நகரமான சர்ஃப்சைடில் 1981-இல் கட்டிய 12 மாடி சாம்ப்ளெய்ன் டவர்ஸ் சவுத் 2021 ஜூன் 24 அதிகாலையில் இடிந்து 98 பேர் இறந்தார்கள். அதற்குச் சில மாதம் முன்புதான் 1.5 கோடி டாலர் பழுதுபார்ப்பு வசூலுக்கு அங்கே ஒப்புதல் ஆகியிருந்தது. ஒரு பெட்ரூம் வீட்டுக்கே பங்கு சுமார் 80,000. அதன் பிறகு வந்த சட்டப்படி மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள காண்டோக்களுக்குப் பழுது நிதியைக் கணக்கிட்டுச் சேர்ப்பது கட்டாயம், முன்போல நினைத்தபோதெல்லாம் ஓட்டுப் போட்டுத் தள்ளிவைக்க முடியாது. பழைய கடலோரக் கட்டடங்களில் விலை இறங்குவதற்கு இது பெரிய காரணம். மலிவாகக் கிடைத்த வீட்டுக்கு அடுத்த மாதமே 90,000 டாலர் சிறப்பு வசூல் நோட்டீஸ் வந்தால் மலிவு எங்கே போயிற்று?

ஏலத்துக்கு முன் வீட்டுக்குள் போய்ப் பார்க்க விட மாட்டார்கள். வெளியே நின்று பார்க்க யாரும் தடுக்கப்போவதில்லை. பைனாகுலர் எடுத்துக்கொண்டு பால்கனிகளின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். உப்புக் காற்றில் உள்கம்பி துருப்பிடித்துப் பருத்தால் கான்கிரீட் பெயர்ந்து விழும். அதற்கு முன்பே பழுப்புக் கோடு இறங்கும். கராஜ் கூரையிலிருந்து வெள்ளைச் சுண்ணாம்பு விழுதுபோலத் தொங்கினால் மேலே நீச்சல் குளத் தளத்தில் நீர்காப்பு போய்விட்டது என்று பொருள். முட்டுக்கம்பி கொடுத்திருந்தால் பழுது வேலை இன்னும் முடியவில்லை என்று பொருள். நகராட்சி பெர்மிட் தளத்தில் முடிக்கப்படாத பெர்மிட்டுகளையும் தேடுங்கள்.

திருப்பி விற்கும் எண்ணம் இருந்தால் இன்னொன்று. கட்டடத்தில் 15 சதவீதத்துக்கு மேல் வீடுகள் 60 நாளுக்கு மேல் பாக்கி வைத்திருந்தால் வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கிக்கொள்ளும் ஃபேனி மே நிறுவனம் அந்தக் கட்டடத்துக் கடனை எடுக்காது, அதனால் வங்கிகளும் கடன் தரத் தயங்கும். உங்களிடம் வாங்க வருபவரும் பெரும்பாலும் ரொக்கக்காரராகத்தான் இருக்க வேண்டும். அவர் கேட்கும் விலையும் அதற்கேற்பத்தான் இருக்கும். மயாமியில் 2006 கடைசியிலிருந்து 2011 வரை வீட்டு விலை ஏறக்குறைய பாதியானபோது, பாக்கி வீடுகள் குவிந்த கட்டடங்கள் இப்படித்தான் மாட்டிக்கொண்டன.

உள்ளே வாடகைக்காரர் இருந்தால், உண்மையான ஒப்பந்தம் உள்ளவருக்கு அதன் காலம் முடியும்வரை இருக்க உரிமை உண்டு. நீங்களே குடியேறப் போவதானாலும் 90 நாள் நோட்டீஸ் தர வேண்டும். பூட்டிக் கிடந்த வீடு வேறு தலைவலி: கரண்ட் வெட்டி ஏசி நின்றால் அந்த ஈரப்பதத்தில் ஜிப்சம் சுவரும் அலமாரியும் பூசணம் பிடித்துவிடும். வடிகால் வளைவில் தண்ணீர் வற்றிச் சாக்கடை நாற்றமும் ஏறும். முதல் நாளே எல்லாக் குழாயையும் திறந்துவிட்டுத் தண்ணீர் ஓட விடுங்கள்.

கடைசியாகப் படகுத் துறை. விளம்பரப் படத்தில் படகு நிற்கும் இடம் பளிச்சென்று தெரியும். அது வீட்டோடு சேர்ந்ததா, தனிப் பத்திரமா, அசோசியேஷன் கொடுத்த வெறும் உரிமமா என்பது கட்டட ஆவணத்தில்தான் இருக்கிறது. தனிப் பத்திரமாக இருந்து, தீர்ப்பில் சொன்ன சொத்து விவரத்தில் அந்த எண் இல்லையென்றால், நீங்கள் வாங்கியது வீட்டை மட்டும்தான். படகு நிற்கும் இடம் இன்னும் பழையவர் பெயரில்.