ஓடையோட தலையெழுத்து லேஅவுட் ஃபைல்லதான் இருக்கு

பேரூராட்சில பணி ஆய்வாளரா இருந்தா ரோடு, டிச்சு, தெருவிளக்கு, குடிநீர் பைப் லீக்கேஜ்னு இதுலயே பொழுது போயிரும். ஓடையப் பத்தி யாரும் நம்மகிட்ட வந்து கேக்க மாட்டாங்க, மழை பேஞ்சு யாராவது வீட்டுக்குள்ள தண்ணி பூந்தா மட்டும் போன் வரும், அதுவும் நைட்டு ரெண்டு மணிக்கு. ஆனா இத்தன வருஷ சர்வீஸ்ல எனக்குப் புரிஞ்சது என்னன்னா, ஒரு ஓடை நல்லா இருக்குமா நாசமாப் போகுமாங்கறது அந்த மழைக்குப் பல வருஷம் முன்னாடியே, யாரோ ஒருத்தர் லேஅவுட் (மனைப்பிரிவு) ஃபைல்ல கையெழுத்துப் போடுறப்பவே முடிவாயிடுது.

நான் வேலை பாக்கறது கோயம்புத்தூருக்கு வடக்க. குருடிமலைப் பக்கம் இருந்து வர்ற பள்ளங்கள் (ஓடையத்தான் எங்க ஊர்ல பள்ளம்னு சொல்வோம்) எங்க ஏரியா பூரா குறுக்கும் நெடுக்குமா ஓடும். கௌசிகா நதியும் அங்கதான் ஆரம்பிக்குது, 52 கிலோமீட்டர் போயி திருப்பூர் வஞ்சிபாளையம் கிட்ட நொய்யல்ல சேருது. எல்லாமே மழைக்கு மட்டும் ஓடுற ஓடைங்க, வருஷத்துல முக்காவாசி நாள் காஞ்சு கெடக்கும், சீமைக்கருவேலமும் பார்த்தீனியமும்தான் நிக்கும். பிரச்சனையே அங்கதான். மனை வாங்க வர்றவங்க ஏப்ரல் மே மாசத்துல வந்து பாக்கறாங்க, புரோக்கர் "இது சும்மா பள்ளமுங்க, மண்ணு கொட்டி நிரவிக்கலாம்"னு சொல்றாரு, இவங்களும் தலையாட்டிட்டு அட்வான்ஸ் குடுத்துடறாங்க.

ஆவணத்துல ஓடை எப்படி இருக்குங்கறது தனிக் கதை. பெரிய பள்ளம்னா ரெவின்யூவோட 'அ' பதிவேட்டுல (நிலக் கணக்குப் புத்தகம்) ஓடை புறம்போக்குன்னு தனி சர்வே நம்பரோட இருக்கும், எஃப்எம்பி (நில அளவை வரைபடம்) எடுத்தா அகலம் மீட்டர் கணக்குல தெரியும், அதுல யாரும் சுலபமா கை வைக்க முடியாது. வச்சாலும் 1905ம் வருஷத்து ஆக்கிரமிப்புச் சட்டம் இருக்கு, ரெவின்யூல நோட்டீஸ் குடுப்பாங்க. ஆனா பட்டா நிலத்துக்குள்ளயே ஓடுற சின்ன ஓடைங்க இருக்கே, அதுக்குத் தனி நம்பர் கிடையாது. தோட்டமா இருந்தவரைக்கும் விவசாயி தன் தேவைக்கே அத விட்டு வச்சிருந்தாரு, அது மனையா மாறும்போது ஓடை பிளான்லயே வராது. ஏரிக்காவது 2007ல தனியா ஒரு சட்டம் வந்துச்சு, இந்த ஓடைங்கள யார் கேக்கறது?

ஒரு சைட்டுக்கு இன்ஸ்பெக்ஷன் போயிருந்தேன். புரமோட்டர் ஓடைக்குக் குறுக்க 30 அடி ரோடு போட்டு அடியில ரெண்டு 600 எம்எம் ஹியூம் பைப் (சிமெண்டுக் குழாய்) வச்சிருந்தாரு. மேல நின்னு பாத்தா அருமையான ரோடு. கீழ எறங்கிப் பாத்தா ஒரு பைப்பு வாயில தேங்காமட்டை, கோழிக்கழிவு மூட்டை, பழைய பாய் எல்லாம் சேந்து முக்காவாசி அடைச்சிருந்துச்சு, இன்னொரு பைப்பு ஓடைத் தரையவிட ஒரு முழம் மேல இருந்துச்சு. அவ்ளோ உயரத்துக்கு தண்ணி தேங்கி நின்னாத்தான் அது வழியா போகும். ஓடை கரைக்குக் கரை பத்தடி அகலம் இருக்கு, இவரு தண்ணிக்கு விட்டது ரெண்டு ஓட்டை. கேட்டா "தண்ணியே வராதுங்க சார், நான் பதினஞ்சு வருஷமா பாக்கறேன்"னு சொல்றாரு. பைப்ப எடுத்துட்டு கரைக்குக் கரை பாக்ஸ் கல்வெர்ட் (பெட்டி மாதிரி சிறுபாலம்) கட்டினாத்தான் ரோட்ட பேரூராட்சி பேருக்கு ஒப்படைப்பு எடுப்போம்னு எங்க இ.ஓ. (செயல் அலுவலர்) எழுதிட்டாரு. ஆறு மாசம் மொறைச்சுட்டு கட்டினாரு.

உள்ளாட்சியோட உண்மையான பலம் இந்த ஒப்படைப்புலதான் இருக்குன்னு நான் சொல்வேன். டெக்னிக்கல் அப்ரூவல் டிடிசிபில (நகர் ஊரமைப்பு இயக்ககம்) வருது, வெள்ள அபாயத்தப் பாத்து நீர்வளத்துறை என்ஓசி (தடையில்லாச் சான்று) குடுக்குது, ஆனா ரோட்டையும் பூங்கா இடத்தையும் தானப்பத்திரம் போட்டு வாங்கறது நாமதான். 10,000 சதுர மீட்டருக்கு மேல லேஅவுட்னா 10 சதவீதம் ஓஎஸ்ஆர் இடம் (பூங்கா மாதிரி பொதுத் திறந்தவெளி) கண்டிப்பா குடுத்தாகணும். வழக்கமா என்ன பண்ணுவாங்க, விக்காத முக்கோணத் துண்டு ஒன்ன மூலையில காட்டிருவாங்க. அத ஓடைக் கரையோரமா நீளவாக்குல குடுங்கன்னு ஆரம்பத்துலயே பேசினா, காசு செலவில்லாம ஓடைக்கு ஒரு பக்கம் கரை கிடைச்சிடும், மரம் வைக்கலாம், தூர்வார வண்டி எறங்கவும் வழி இருக்கும். ஃபைல் டிடிசிபிக்குப் போறதுக்கு முன்னாடி பேசணும், அப்புறம் பேசி பிரயோஜனம் இல்ல. இப்படி ஒத்துக்கிட்டவங்களும் இருக்காங்க, மேலருந்து போன் பண்ண வச்சவங்களும் இருக்காங்க.

சரி, அகலம் தப்பிச்சிருச்சுன்னு வைங்க, தண்ணி? சோளக்காடும் தென்னந்தோப்பும் இருந்தப்போ மழை ஊறி ஊறி மெதுவா வந்துச்சு, இப்போ கூரை, தார் ரோடு, வாசல் பூரா பேவர் பிளாக், அரைமணி நேர மழைக்கே மொத்தமும் ஒரே மூச்சுல வந்து கரைய அறுத்துட்டுப் போகுது. மழைநீர் சேகரிப்பு 2003லயே கட்டாயமாயிடுச்சு, ஆனா பல வீட்டுல பைப்பு மட்டும்தான் இருக்கு, அது நேரா டிச்சுக்குத்தான் போகுது.

இன்னொரு கூத்து, மழை இல்லாத மாசத்துல இப்போ ஓடையில தண்ணி ஓடுது! பாதாள சாக்கடை வராத ஏரியாவுல செப்டிக் டேங்க்ல இருந்து ஒரு அவுட்லெட் போட்டு மழைநீர் வடிகால்ல விட்டுடறாங்க, சமையல்கட்டு தண்ணியும் அதுலயே. உறிஞ்சுகுழி தோண்ட இடம் இல்லங்கறாங்க, கார் நிறுத்த மட்டும் இடம் இருக்கு. செப்டிக் டேங்க் லாரிக்காரங்களாச்சும் பரவால்ல, முன்னல்லாம் ராத்திரில பள்ளத்துல தெறந்து விட்டவங்க, இப்போ லைசென்ஸ், ஜிபிஎஸ், மொதல் தடவை மாட்டினா 25,000 அபராதம், அடுத்த தடவை 50,000ன்னு வந்ததும் அடங்கிட்டாங்க, பெரியநாயக்கன்பாளையத்துல கசடு சுத்திகரிப்பு நிலையம் இருக்கறதால கொட்டவும் ஒரு இடம் இருக்கு. இடத்தையும் காட்டி அபராதமும் போட்டாத்தான் வேலை நடக்குது, வெறும் போர்டு வச்சு ஒன்னும் ஆகல.

எனக்குக் கொஞ்சமும் பிடிக்காதது ஓடைய 'சீரமைக்கிறேன்'னு மூணு பக்கமும் கான்கிரீட் போடறது. ஃபண்டு வருது, போட்டோவுக்கு நல்லா இருக்கு, ஆனா தண்ணி பூமிக்குள்ள எறங்காது, வேகம் கூடி கீழ இருக்கற ஊரப் போயி அடிக்கும். கோயம்புத்தூர் சங்கனூர் பள்ளத்துல தடுப்புச்சுவர் வேலை நடந்தப்போ, 2025 ஜனவரில, கரையோர வீடு ஒன்னு அப்படியே சரிஞ்சு விழுந்த வீடியோ எல்லாருமே பாத்திருப்பீங்க. கரைய ஒட்டி வீடு வந்ததுக்கப்புறம் எந்த இன்ஜினியர் வந்தாலும் அவருக்கும் நல்ல வழின்னு ஒன்னு மிச்சம் இருக்காது.

2024 ஜூலைல இருந்து 2,500 சதுர அடி மனையில 3,500 சதுர அடிக்குள்ள வீடு கட்டினா சுயசான்று முறைல உடனே பெர்மிட் வந்துடுது. மக்களுக்கு ரொம்ப நல்லது, லஞ்சமும் அலைச்சலும் குறையுது, அதுல எனக்கு மாத்துக்கருத்து இல்ல. ஆனா கட்றதுக்கு முன்னாடி மனைக்குப் பின்னாடி ஓடை போகுதான்னு எட்டிப் பாக்கற ஆள் இப்போ இல்ல. அதனால ஓடைய ஒட்டின சர்வே நம்பர் எல்லாத்தையும் லிஸ்ட் எடுத்து, அந்த வீடுங்களுக்கு குடிநீர் இணைப்பு குடுக்கறப்போ உறிஞ்சுகுழி இருக்கா, கரைக்கு இடம் விட்டிருக்காங்களான்னு பாத்துட்டுதான் குடுக்கணும்னு ஒரு தீர்மானம் எழுதி இ.ஓ. கிட்ட குடுத்திருக்கேன். அதே கூட்டத்துக்கு ஒரு கவுன்சிலர் அண்ணன் வேற ஒரு பொருள் வச்சிருக்காரு, ஓடைய மேல ஸ்லாப் போட்டு மூடி ரோடாக்கினா பஸ் ஸ்டாண்டுக்கு ஷார்ட்கட்டாம். அதுக்கு எஸ்டிமேட் போடச் சொல்லி ஃபைல் என் டேபிளுக்கே வந்திருக்கு. மொதல்ல ஓடை எல்லைய அளந்து குடுங்கன்னு தாலுகா ஆபீஸுக்கு லெட்டர் அனுப்பிட்டேன், சர்வேயர் எப்போ வர்றாரோ அப்போ பாத்துக்கலாம்.