முதலில் முரடனைத் தேர்ந்தெடுங்கள்: பெரிய கடல் மீன்களை ஒரே தொட்டியில் வளர்ப்பது பற்றி

பெரிய மீன்கள் மட்டும் இருக்கும் கடல்நீர் தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, இத்தனை லிட்டருக்கு எத்தனை மீன் விடலாம் என்பதுதான். எண்ணிக்கையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அந்தத் தொட்டியில் யார் ராஜா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பவளம் எதுவும் இல்லாமல் பாறையும் பெரிய மீன்களும் மட்டும் இருக்கும் தொட்டியில் எப்படியும் ஒரு மீன் மற்றதையெல்லாம் அடக்கி ஆளத்தான் போகிறது. அது எந்த மீன், எதைச் சகித்துக்கொள்ளும், எதைக் கண்டால் பாயும் என்று தெரிந்துவிட்டால் மீதி மீன்களைத் தேர்ந்தெடுப்பது பாதி முடிந்த மாதிரி. பலரும் கண்ணில் பட்டதையெல்லாம் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்துவிட்டு, இவை ஒத்துப்போகுமா என்று பிறகு யோசிக்கிறார்கள். தேர்வில் முதலிடம் முரடனுக்கு, தண்ணீரில் விடும்போது கடைசி இடமும் அவனுக்கே. இதைப் பிடித்துக்கொண்டால் பாதிச் சண்டை வராது.

தொட்டி பற்றி ஒன்றே ஒன்று. உயரத்தைப் பார்த்து மயங்காதீர்கள், நீளமும் அகலமும்தான் முக்கியம். 30 செ.மீ. மீன் ஒன்றுக்கு 45 செ.மீ. அகலத்தில் தாராளமாகத் திரும்ப இடம் இருக்காது. 180 செ.மீ. நீளம், 60 அகலம், 60 உயரம், அதாவது சுமார் 650 லிட்டர் என்பதை நான் தொடக்க அளவாகத்தான் சொல்வேன். இந்தப் பதிவில் வரும் மீன்களில் பாதி அதிலும் அடங்காது.

ஏனென்றால் இவை விற்பனைக்கு வரும்போது உள்ளங்கையில் அடங்கும் குட்டிகள். பாந்தர் குரூப்பர் குட்டியைப் பார்த்திருக்கிறீர்களா? வெள்ளை உடம்பில் கருப்புப் பொட்டுகள், தலையைக் கீழே சாய்த்துக்கொண்டு தள்ளாடித் தள்ளாடி நீந்தும், வாங்காமல் நகர மனம் வராது. அது களவா இனம், கடலில் 70 செ.மீ. வரை வளர்வது. எம்பரர் ஏஞ்சல் 40 செ.மீ. வரை போகும், கிளாத்தி இனமான கிளவுன் ட்ரிகர் 50. வளர்ந்ததும் பெரிய தொட்டி வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அந்தப் பெரிய தொட்டி வைக்க இடமும், தளம் தாங்கும் பலமும் இப்போதே இருக்கிறதா? இருந்தால் சரி. இல்லையென்றால் அந்தக் குட்டியை விட்டுவிடுங்கள்.

சரி, முரடர்களுக்கு வருவோம். பெரிய மீன் தொட்டி என்றாலே ட்ரிகர் இல்லாமல் இல்லை, எனக்கும் அதன் மேல் தனிப் பிரியம் உண்டு. ஆளைப் பார்க்கும், அறைக்குள் நீங்கள் நடந்தால் கண் உங்களோடு நடக்கும், பசித்தால் கண்ணாடிக்கே வந்து நிற்கும். ஆனால் ட்ரிகர் என்ற ஒரே பெயரில் சாதுவும் இருக்கிறது, கொலைகாரனும் இருக்கிறது. அதைப் பிரித்துப் பார்க்க நான் வைத்திருக்கும் வழி, அது கடலில் என்ன சாப்பிடுகிறது என்று பார்ப்பது. திறந்த நீரில் கூட்டமாக மிதந்துகொண்டு மிதவை உயிரிகளைப் பொறுக்கித் தின்னும் வகைகளுக்கு ஒரு பாறையைத் தன்னுடையது என்று காவல் காக்க வேண்டிய அவசியம் குறைவு. நைஜர் ட்ரிகரும் புளூஜா ட்ரிகரும் அப்படிப்பட்டவை. நைஜரின் வாயைக் கவனியுங்கள், மேல்நோக்கி வளைந்திருக்கும், மேலிருந்து வருவதைக் கவ்வுவதற்கென்றே அமைந்த வாய். பாறைத் தரையில் கடல் முள்ளெலியையும் நண்டையும் சிப்பியையும் உடைத்துத் தின்னும் வகைகளுக்குத் தாடையும் வலுவானது, எல்லைப் பிடிவாதமும் அதிகம். ஆரஞ்சுக் கோடுகள் போட்ட அண்டுலேட்டட் ட்ரிகர் இதில் உச்சம். அதை வளர்க்க வேண்டுமென்றால் தனித் தொட்டியில் தனியாக வளருங்கள், துணை தேடாதீர்கள். கிளவுன் ட்ரிகர்தான் பலரை ஏமாற்றுகிறது. குட்டியாக இருக்கும்போது யாரையும் சீண்டாது, நீண்ட காலம் நல்ல பிள்ளையாகவே இருந்துவிட்டு, உடம்பு வளர்ந்த பிறகு ஒரு நாள் பக்கத்தில் இருப்பவனின் துடுப்பைக் கடிக்கத் தொடங்கும், அப்புறம் நிறுத்தாது. எல்லாக் கிளவுனும் இப்படி ஆவதில்லை என்பதும் உண்மை. ஆனால் எது ஆகும், எது ஆகாது என்று குட்டியிலேயே கண்டுபிடிக்க வழியில்லை, அதனால் பல மீன்கள் இருக்கும் தொட்டிக்கு நான் அதைச் சொல்லவே மாட்டேன்.

நைஜர் வைத்திருப்பவர்கள் விளக்கு அணைந்ததும் ஒரு முறை டார்ச்சை மங்கலாக வைத்துப் பாருங்கள். தனக்கென்று ஒரு பொந்தைத் தேர்ந்துகொண்டு, அதற்குள் தலைகீழாகவோ பக்கவாட்டிலோ புகுந்து, முதுகு முள்ளை நிமிர்த்தி இறுக்கிக்கொண்டு தூங்கும். முதல் முள்ளை இரண்டாவது சிறிய முள் பூட்டிவிடுகிறது, பிறகு எந்த எதிரி இழுத்தாலும் வராது. வெளியே அந்தப் பிறை வடிவ வால் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். மீனுக்கு ஒரு பொந்தாவது வேண்டும், ஒருவருக்கு ஒன்றென்று, கொஞ்சம் கூடுதலாகவும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். படுக்க இடம் இல்லாத மீன்தான் மாலையில் விளக்கு அணையும் நேரத்தில் முதலில் சண்டைக்குப் போகிறது.

அடுத்தது வாய். லயன் ஃபிஷ், குரூப்பர், ஸ்கார்பியன் ஃபிஷ் இவற்றுக்கு யார் மேலும் பெரிதாகக் கோபம் கிடையாது, சண்டையும் அதிகம் போடாது, வாயில் நுழைவது எல்லாம் அவற்றுக்கு உணவு, அவ்வளவுதான். வாயைத் திறந்து அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். தன் உடம்பில் பாதி நீளம் இருக்கும் மீனைக்கூட லயன் ஃபிஷ் விழுங்கிவிடும். ஆக இவற்றோடு விடும் மீனை நீளத்தை மட்டும் வைத்து எடை போடாதீர்கள், உடம்பின் உயரத்தையும் பாருங்கள். தட்டையாகவும் உயரமாகவும் இருக்கும் டாங் தப்பிக்கும், அதே நீளத்தில் விரல் மாதிரி ஒல்லியாக இருக்கும் ராஸ் தப்பிக்காது. இன்னொரு பக்கம், லயன் ஃபிஷ்ஷின் நீளமான துடுப்புகள் ட்ரிகருக்கும், உடம்பை உப்ப வைக்கும் பேத்தை மீனான பஃபருக்கும் கடித்துப் பார்க்க ஆசை மூட்டுபவை. விஷ முள் இருக்கிறதே என்று அவை பயப்படுவதில்லை.

அந்த முள் உங்களைக் குத்தினால் பயப்பட வேண்டும். கையைச் சுடுநீரில், தோல் வெந்துபோகாத அளவுக்கு, சுமார் 45 டிகிரி செல்சியஸில் முக்கி வைத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். வெப்பம் அந்த விஷத்தின் வீரியத்தைக் குறைக்கிறது. தொட்டிக்குள் கை விடும்போது அது எங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்துவிட்டு விடுவது அதைவிட நல்லது.

சண்டையைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், ஆனால் பெரிய மீன் தொட்டிகளில் மீன்கள் மெலிந்து சாவதற்குப் பட்டினி சத்தமில்லாத காரணம். ஒரு துண்டு கணவாயைப் போடுங்கள், என்ன நடக்கிறது என்று பாருங்கள். லயன் ஃபிஷ் துடுப்புகளை விரித்து, மெதுவாக, தலையை ஒரு பக்கம் சாய்த்துக் குறிபார்த்துக்கொண்டே நெருங்கும். அது வாயைத் திறப்பதற்குள் ட்ரிகர் குறுக்கே பாய்ந்து துண்டைப் பிடுங்கிக்கொண்டு போயிருக்கும். லயன் ஃபிஷ் அதே இடத்தில் நின்று வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கும். காயம் இல்லை, துரத்தல் இல்லை, எல்லாம் அமைதியாக இருப்பதாகவே தோன்றும், சில வாரங்கள் கழித்துப் பார்த்தால் முதுகுக்குக் கீழே சதை வற்றிக் கிடக்கும். சாப்பிடும் வேகம் ஒத்துப்போகாத மீன்களை ஒன்றாக விடாதீர்கள். விட்டேதான் ஆக வேண்டுமென்றால் ஒரு முனையில் ட்ரிகருக்குப் போட்டுவிட்டு, அது மென்றுகொண்டிருக்கும்போதே மறுமுனையில் நீளமான இடுக்கியால் மெதுவானவனுக்கு நேராக வாயருகே கொடுங்கள். உயிருள்ள நன்னீர் மீன்களைத் தீனியாகப் போடும் பழக்கம் வேண்டவே வேண்டாம், கடல் மீனுக்கு அந்தக் கொழுப்பு ஒத்துவராது.

மோரே ஈலுக்கும் இதே இடுக்கிதான். அஞ்சாளைகளுக்குக் கண் பார்வை குறைவு, மோப்பத்தால்தான் தேடும், அதனால் துண்டை மூக்கருகே காட்டினால் போதும். பெரிய மீன் தொட்டிக்கு ஸ்னோஃபிளேக் ஈல் அருமையான தேர்வு என்பது என் கருத்து. அதன் பற்கள் ஊசி மாதிரி இல்லாமல் மழுங்கலாக இருக்கும், நண்டு இறால் உடைத்துத் தின்பதற்கானவை, எனவே பெரிய மீன்களை அது பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. ஊசிப்பல் மோரேக்கள் அப்படியில்லை, அவை மீனைப் பிடிக்கப் பிறந்தவை. எந்த ஈலாக இருந்தாலும் மூடியில் விரல் நுழையும் இடைவெளிகூட வேண்டாம், குழாய் போகும் துளையையும் அடைத்துவிடுங்கள், வெளியேறிவிடும்.

டாங், ஏஞ்சல் விஷயத்தில் உருவ ஒற்றுமைதான் பிரச்சினை. தன்னைப் போன்ற வடிவமும் நிறமும் கொண்டவனை, ஒரே உணவுக்குப் போட்டி என்பதால், விரோதியாகப் பார்க்கும். எம்பரர் ஏஞ்சலின் குட்டி கருநீலத்தில் வெள்ளை வளையங்களோடும் வளர்ந்தது மஞ்சள் கோடுகளோடும் இருப்பதற்குக்கூட, வளர்ந்த மீன்களின் கோபம் குட்டிகள் மேல் பாயாமல் இருக்கத்தான் என்று பலர் கருதுகிறார்கள். வீட்டுத் தொட்டியில் பெரிய ஏஞ்சல் ஒன்று போதும். டாங்கில் சோஹால் மிக அழகானது, மிக மோசமான குணம் கொண்டதும் அதுதான். வாலின் அடியில் இருக்கும் கத்தி போன்ற முள்ளால் பக்கவாட்டில் வீசி மற்ற மீனைக் கிழித்துவிடும். நாஸோ டாங் சாது, ஆனால் 45 செ.மீ. வரை வளரும், ஓயாமல் நீந்தும், அதற்கு 240 செ.மீ. நீளத் தொட்டி இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

புதிதாக ஒன்றை விடும்போது துளைகள் போட்ட கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து அதே தொட்டியில் சில நாட்கள் மிதக்க விடுங்கள். பழையவன் வந்து முட்டிப் பார்ப்பான், கண்ணாடியைக் கடிப்பான், பிறகு அலுத்துப்போவான். அலுத்துப்போகும் வரை திறக்காதீர்கள். திறக்கும் நாளில் பாறைகளையும் கொஞ்சம் இடம் மாற்றி வைத்தால் எல்லோருக்குமே அது புது இடமாகிவிடும். இதற்கெல்லாம் முன்னால் தனித் தொட்டியில் நோய் கண்காணிப்பு கட்டாயம், ஏனென்றால் வெள்ளைப்புள்ளி நோய் ஒரு முறை பெரிய தொட்டிக்குள் வந்துவிட்டால் அங்கே தாமிர மருந்து போட முடியாது, பாறை அதை உறிஞ்சிவிடும். ஈலுக்கும் பஃபருக்கும் தாமிரம் சுலபத்தில் ஒத்துக்கொள்ளாது.

180 செ.மீ. தொட்டிக்கு என் தேர்வைக் கேட்டால், புளூஜா ட்ரிகர் ஒன்று, ஹார்லக்வின் டஸ்க் ஒன்று, ஓரா இனத்தைச் சேர்ந்த ஃபாக்ஸ்ஃபேஸ் ஒன்று, ஸ்னோஃபிளேக் ஈல் ஒன்று. நாலே நாலுதான், குறைவாகத் தெரியும், ஆனால் எல்லாம் வளர்ந்த பிறகு பாருங்கள். ஹார்லக்வின் டஸ்க்கின் பற்கள் நீல நிறத்தில் வெளியே நீட்டிக்கொண்டு மிரட்டலாக இருக்கும், குணமோ சாந்தம், வந்த புதிதில் ஒளிந்துகொண்டே இருக்கும் என்பதால் அதையும் ஃபாக்ஸ்ஃபேஸையும் முதலில் விட்டு, அப்புறம் ஈல், கடைசியில் ட்ரிகர். பஃபர் வேண்டுமென்றால் டஸ்க்குக்குப் பதிலாக டாக்ஃபேஸ் வைக்கலாம், பற்கள் வளர்ந்துகொண்டே இருக்கும் மீன் அது, ஓட்டோடு இறாலும் சிப்பியும் கொடுத்துத் தேய வைக்க வேண்டும். இந்த மீன்கள் எல்லாமே நிறையச் சாப்பிட்டு நிறையக் கழிவு போடும், கழிவை நுரையாக்கிப் பிரித்தெடுக்கும் கருவியான ஸ்கிம்மரில், தொட்டியின் அளவுக்கு என்று விற்பதைவிட ஒரு படி பெரியதை வாங்குங்கள்.

இவ்வளவு பார்த்தும் சண்டை வந்தால்? அடிபட்டவனைத்தான் எல்லோரும் வெளியே எடுக்கிறார்கள். அவன் போனதும் முரடன் அடுத்த ஆளைத் தேடுவான். முரடனை எடுங்கள். கடைக்காரரிடமோ, பெரிய தொட்டி வைத்திருப்பவரிடமோ பேசி, அந்த மீனை அவர் ஏற்றுக்கொள்வாரா என்பதை வாங்குவதற்கு முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் கடலில் விடாதீர்கள். 1985-இல் ஃபுளோரிடா கரையோரம் முதலில் காணப்பட்ட லயன் ஃபிஷ், இந்தோ-பசிபிக் கடலைச் சேர்ந்தது, இன்று கரீபியன் பவளப்பாறைகள் முழுக்கப் பரவி அங்குள்ள சிறு மீன்களை அழித்துக்கொண்டிருக்கிறது, அது தொட்டிகளிலிருந்து விடப்பட்டு வந்ததாகத்தான் பெரும்பாலும் நம்பப்படுகிறது.