சேரின் வட்டம்

நமக்கு நாடகம் பழக்கிய சேர் காலமான செய்தி நம் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் வந்ததும், அதன் கீழே யாரோ பெருவிரலும் சுட்டுவிரலும் வட்டமாகத் தொடும் 'ஓகே' கை இமோஜியைப் (👌) போட்டிருந்தார். "தகவல் கிடைத்தது" என்ற எண்ணத்தில்தான் போட்டிருப்பார். ஆனால் சேரிடம் நாடகம் பழகியவர்களுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்திருக்கும். அந்த விரல்களை அவ்வளவு மலிவாக வளைத்தவர் அல்லர் சேர்.

ஒத்திகையில் அவர் திருத்தாத கை இல்லை. பெருவிரலும் சுட்டுவிரலும் நுனிச் சதையில் தொட வேண்டும். நகம் பட்டால் எதையோ சுண்டப்போவதுபோல் இருக்கும். அழுத்தினால் வட்டம் நசுங்கிவிடும். மற்ற மூன்று விரல்களும் விறைக்காமல் விரிய வேண்டும். உள்ளங்கை சபையை நோக்கி, தோளுயரத்தில், உடம்பைவிட்டு ஒரு சாண் தள்ளி. கையைப் பக்கவாட்டில் திருப்பினால் பின்வரிசைக்கு வட்டம் வெறும் கோடுதான். ஒரு நொடி நிறுத்திவிட்டு விட வேண்டும். ஆட்டினால் நக்கல், கண் கூடவே போகாவிட்டாலும் நக்கல்தான். பிழைவிட்டவரை மேடையிலேயே நிற்கவைத்து, கடைசி வாங்கிலிருந்து கேட்பார்: "என்ன, காசு கேக்கிறியோ?" அதைக் கேட்டு வாங்காதவர் நம்மில் யார்?

புலம்பெயர்ந்த பிறகுதான் அந்தக் கிண்டலின் நியாயம் விளங்கியது. ஜப்பானில் இந்த வட்டம் உண்மையிலேயே காசைக் குறிக்கும். பிரான்சில் முகத்தைச் சுளித்துக் காட்டினால் பூச்சியம், ஒன்றுக்கும் உதவாதது. பிரேசிலில் கெட்ட வசை. இத்தாலியர் 'மிகக் கச்சிதம்' என்பதற்கு இதை நெஞ்சுக்கு முன்னால் கிடைக்கோடு இழுப்பதுபோல் நகர்த்துவார்கள். நீருக்கடியில் சுழியோடிகளுக்கு 'நலம்' என்பது இதுதான். அங்கே பெருவிரலை உயர்த்தினால் 'மேலே போவோம்' என்று பொருள். 2017இல் 'இது வெள்ளை இனவாதச் சின்னம்' என்று இணையக் குறும்பாகத் தொடங்கியதை வெள்ளை இனவாதிகள் உண்மையிலேயே தமதாக்கிக்கொண்டதால், இப்போது அமெரிக்காவில் குழுப்படத்துக்கு நிற்கும்போதுகூட விரலைக் கவனிக்க வேண்டியிருக்கிறது.

பழமைக்கும் குறைவில்லை. முதலாம் நூற்றாண்டு ரோமாபுரியில் பேச்சுக்கலை ஆசிரியர் குவின்டிலியன், பேச்சாளர் பாராட்டும்போது காட்டத் தக்கது என்று ஏறத்தாழ இதே சைகையை எழுதிவைத்தார். அவருடைய முறையில் விரல்நுனி பெருவிரல் நகத்தின் ஓரத்தைத் தொடும். சேர் அவரையும் மேடையில் நிற்கவைத்திருப்பார்.

நமக்கு அந்த வட்டம் கிடைத்தது அரிது. கோப்பை வென்ற ஆண்டுகூட "பரவாயில்லை" என்பதோடு சரி. அதுதான் அவருடைய உச்சப் பாராட்டு என்று நம்பி விமானம் ஏறினோம். பின்னால் வந்த வகுப்புகளுக்கு அடிக்கடி காட்டினாராம். அங்கேயே தங்கியவர்கள் சொல்கிறார்கள். வயதோடு இளகியிருக்கிறார். அந்த இளகிய சேரை நமக்குத் தெரியாது.