பச்சைச் சளி வந்தாலே ஆன்டிபயாடிக்கா?

சளி பச்சையானதுமே ஆன்டிபயாடிக் கேட்பவர்களைப் பார்த்தால் கவலையாக இருக்கிறது. பச்சைச் சளியோடு வரும் சைனஸ் தொற்றும் (மூக்கைச் சுற்றியுள்ள எலும்பு அறைகளில் வருவது) பெரும்பாலும் வைரஸால் வருவது. அந்த மருந்து அதை ஒன்றும் செய்யாது. அநேகமாக 10 நாளுக்குள் தானாகவே தணிந்துவிடும்.

எனக்குக் கைகொடுப்பது உப்புநீரால் மூக்கைக் கழுவுவதுதான். ஆனால் தயவுசெய்து குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றாதீர்கள். நெக்லேரியா ஃபௌலெரி என்ற அமீபா அதில் எப்போதாவது இருக்கக்கூடும். மூக்கு வழியாக மூளைக்குப் போனால் பிழைப்பது மிக அரிது. நன்றாகக் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர்தான் சரி. அப்புறம், மூக்கடைப்பு ஸ்பிரே 3 நாளுக்கு மேல் வேண்டாம், அடைப்பு இன்னும் மோசமாகும்.

10 நாளாகியும் குறையவில்லை, அல்லது குறைந்து மறுபடி கூடுகிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள். கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வைக் கோளாறு, கழுத்து விறைப்பு என்றால் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.