மானுடவியல் படித்தவருக்குப் பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகத்தில் என்ன வேலை?

மானுடவியல் முதுகலை முடித்தவர்களுக்கு அருங்காட்சியகம், பழங்குடி ஆய்வு மையம், கல்லூரி விரிவுரை, இவைதான் முதலில் கண்ணில் படும். பல்கலைக்கழக நிர்வாகமும் அவர்களுக்கான இடம்தான். சென்னை அரசு அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த மானுடவியலாளர் அ. ஐயப்பன், பின்னாளில் கேரளப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார்.

மத்தியப் பல்கலைக்கழகங்களில் வழி இரண்டு. முதுகலையில் 55 விழுக்காடு இருந்தால் உதவிப் பதிவாளர் பதவிக்கு விண்ணப்பிக்கலாம். அதில் 5 ஆண்டு போனால் துணைப் பதிவாளர் பதவிக்கு விண்ணப்பிக்கலாம். பதிவாளர் ஆக 15 ஆண்டு நிர்வாக அனுபவம் வேண்டும், அதில் 8 ஆண்டு துணைப் பதிவாளராக. ஆசிரியர் வழியாக வருபவர், உதவிப் பேராசிரியராக 9 ஆண்டும் கூடவே கல்வி நிர்வாக அனுபவமும் காட்டினால் துணைப் பதிவாளர் பதவிக்கு வரலாம். மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு அவரவர் சட்டம், அவரவர் விதி.

ஆசிரியர்கள் தடுக்கி விழுவது அந்தக் ‘கல்வி நிர்வாக அனுபவம்’ என்ற இடத்தில்தான். விடுதிக் காப்பாளர், சேர்க்கை ஒருங்கிணைப்பாளர் என்று வருடக்கணக்கில் உழைத்திருப்பார்கள். கையில் ஆணை இருக்காது. வாய்மொழிப் பொறுப்பு விண்ணப்பப் பரிசீலனையில் நிற்காது. பொறுப்பு கொடுத்த ஆணை, விடுவித்த ஆணை, இரண்டிலும் தேதி, பணிச்சான்றில் ஊதிய நிலை: இவற்றை அவ்வப்போதே வாங்கி வையுங்கள். துறைத்தலைவர் மாறிய பிறகு கேட்டால் கிடைப்பது கடினம்.

வேலைக்குள் வந்தபின் மானுடவியல் கைகொடுக்கும் இடம் கோப்பு. பிரிட்டிஷ் மானுடவியலாளர் ரிவர்ஸ் 1901–02இல் நீலகிரித் தோதவர்களிடம் வம்சாவளி கேட்டுக் கேட்டு உறவுமுறையை வரைந்தார். அலுவலக ஆணைக்கும் வம்சாவளி உண்டு. ‘பொருள்’ என்பதற்குக் கீழே ‘பார்வை’ என்று இருக்கிறதே, அதுதான் பெற்றோர் பெயர். பார்வை 1இல் உள்ள ஆணையை எடுங்கள், அதன் பார்வையைப் பாருங்கள், அப்படியே மூல ஆணை வரை போங்கள். ‘இப்படித்தான் சார் வழக்கம்’ என்று பிரிவில் சொல்வது, ஒரே ஒரு மாணவருக்காக எப்போதோ கொடுத்த விலக்காக இருக்கலாம். அந்த வழக்கம் எங்கே பிறந்தது என்று தெரியாமல் அதை முன்மாதிரி என்று எழுதிவிடக் கூடாது. தேடும்போது பிரிவு உதவியாளரின் தன்பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள். எந்தத் தபால் எந்தக் கோப்பில் சேர்ந்தது என்பது அங்கே இருக்கும்.

பாடத்திட்ட மாற்றத்தையும் இதே கண்ணோடு பாருங்கள். பாடத்திட்டக் குழு, கல்விக்குழு, தேவையானால் ஆட்சிக்குழு என்று படியேறி ஒப்புதல் வந்துவிடும். ஆனால் ‘எந்தக் கல்வியாண்டில் சேர்ந்தவர் முதல்’ என்ற ஒரு வரி தீர்மானத்தில் விடுபட்டால், தேர்வுப் பிரிவு பழைய பாடத்திட்டத்துக்கே வினாத்தாள் கேட்கும். தேர்வு அறையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைதான் அதற்கு விலை கொடுக்கும்.

களப்பணியாளரின் பழக்கம் ஒன்றை மட்டும் கட்டுப்படுத்த வேண்டும்: நீளமாக எழுதுவது. கோப்புக் குறிப்பு அரைப் பக்கம் போதும். கோரிக்கை என்ன, பொருந்தும் விதி எது, முன்மாதிரி உண்டா, செலவு எவ்வளவு, என்ன ஆணை வேண்டும். யாராவது நம்பிச் சொன்ன சொந்த விஷயம் அதில் ஏறவே கூடாது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அந்தக் குறிப்பையும் கேட்கலாம்.