தங்கையின் வைர மோதிரம்: அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு நிமிடம்

தங்கையின் நிச்சயதார்த்த மோதிரத்துக்காகக் கொடுத்த 20,000 ரூபாய் அட்வான்ஸ் நேற்றுதான் என் கணக்குக்குத் திரும்பி வந்தது. அதற்கு நான்கு நடை நடந்தேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. வேறு யாரும் இப்படி மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

திருச்சியில் பெரிய கடை. பெயர் வேண்டாம். 50 சென்ட், அதாவது அரை காரட் எடையுள்ள ஒற்றைக் கல் மோதிரம், தொங்கிய சீட்டில் 'இ.எஃப்., வி.வி.எஸ்.' என்று போட்டிருந்தது. நிறத்தில் மேல்தட்டு (டி-யில் தொடங்கி எழுத்து போகப் போக மஞ்சள் கூடும்), சுத்தத்தில் மேல்தட்டு. கல்லுக்கு மட்டும் 1,62,000 ரூபாய் சொன்னார்கள். விற்பனையாளர் டெஸ்டர் பேனாவைக் கல்லில் வைத்தார், 'பீப்' என்றது. "ஒரிஜினல் சார்" என்றார். கல் வெப்பத்தை எப்படிக் கடத்துகிறது என்பதை மட்டும்தான் அந்தப் பேனா பார்க்கும். ஆய்வகத்தில் வளர்த்த வைரத்துக்கும் அது 'பீப்' சொல்லும், ஏனென்றால் அதுவும் வைரம்தான். விலைதான் பல மடங்கு குறைவு. இது எனக்கு அப்போது தெரியாது.

வைரத்தைச் சோதித்துத் தரச் சான்று தரும் அமெரிக்க நிறுவனமான ஜி.ஐ.ஏ.வின் சான்றிதழ் உண்டா என்று கேட்டேன். "மும்பையிலிருந்து வந்துடும் சார்" என்றார். நம்பி அட்வான்ஸ் கட்டினேன். ஜி.ஐ.ஏ. தனிக் கல்லுக்குத்தான் தரச் சான்றிதழ் தரும், நகையில் பதித்த கல்லுக்குத் தராது. பதித்த மோதிரத்தைக் கையில் வைத்துக்கொண்டு 'ஜி.ஐ.ஏ. சான்றிதழ் வரும்' என்று யார் சொன்னாலும் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

பன்னிரண்டு நாள் கழித்துப் போனால், வேறு ஏதோ ஆய்வகத்தின் பிளாஸ்டிக் அட்டையை நீட்டினார்கள். நிறம் ஜி-ஹெச், சுத்தம் வி.எஸ்., இரண்டுமே சீட்டில் இருந்ததைவிடக் கீழ்ப்படி. கல்லின் அளவு எங்கேயும் இல்லை. சீட்டில் இ.எஃப். என்று இருந்ததே என்றேன். "ரெண்டும் ஒண்ணுதான் சார், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது." தெரியாதுதான். ஆனால் கண்ணுக்குத் தெரியாத அந்த வித்தியாசத்துக்குத்தானே என்னிடம் காசு கேட்டார்கள்?

கல்லின் குறுக்களவைப் பார்க்கச் சொன்னேன். 4.9 மில்லிமீட்டர். நன்றாகப் பட்டை தீட்டிய 50 சென்ட் வட்டக் கல் சுமார் 5.1 மில்லிமீட்டர் இருக்கும். எடையெல்லாம் கல்லின் அடியில் ஒளிந்திருக்கிறது, மேலே பார்த்தால் சின்னக் கல்.

வேண்டாம் என்றதும், "அட்வான்ஸ் ரிட்டர்ன் கிடையாது, வேற நகை எடுத்துக்குங்க" என்றார்கள். அடுத்த இரண்டு நடையிலும் மேலாளர் இல்லை. நான்காவது முறை அவரைப் பிடித்து, முதல் நாள் விற்பனையாளர் கையாலேயே 'இ.எஃப். வி.வி.எஸ்.' என்று எழுதித் தந்த எஸ்டிமேட் சீட்டையும் அந்தப் பிளாஸ்டிக் அட்டையையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பேச்சே இல்லை. இரண்டையும் பார்த்தார், கணக்குப் பிரிவுக்கு போன் போட்டார். அந்தத் துண்டுச் சீட்டை மட்டும் தூக்கிப் போட்டிருந்தால் 20,000 ரூபாய்க்கு ஏதாவது ஒரு நகையை வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். எஸ்டிமேட்டைப் பத்திரமாக வையுங்கள், வாய்ப்பேச்சாகச் சொன்னதையும் அதிலேயே எழுதி வாங்குங்கள்.

இதற்கு நடுவில் சித்தப்பா மூலமாக மதுரை தெற்கு ஆவணி மூல வீதிப் பக்கம் ஒரு தனிக் கல் வியாபாரியைப் போய்ப் பார்த்தோம். வயதானவர். முதல் வேலையாக மேஜை விளக்கை அணைத்தார். "கடை லைட்ல கண்ணாடிகூட மின்னும் தம்பி, ஜன்னல்கிட்ட வாங்க." வெள்ளைத் தாளை நடுவில் மடித்து, பொட்டலத்திலிருந்து மூன்று கற்களைத் தலைகீழாக அதில் வரிசையாக வைத்தார். மேலிருந்து பார்த்தபோது மூன்றும் ஒரே மாதிரிதான் இருந்தன. பக்கவாட்டில் பார்த்தபோது மூன்றாவதில் லேசான மஞ்சள் தெரிந்தது. அது ஐ நிறம், முதல் கல் ஜி. மஞ்சள் தங்கத்தில் பதித்தால் ஐ நிறம்கூடப் பெரிதாகத் தெரியாது என்று அவரே சொன்னார். தங்கை வெள்ளைத் தங்கம் கேட்டதால் ஜி எடுத்தோம்.

50 சென்ட் வேண்டும் என்ற பிடிவாதத்தையும் அவர்தான் விடவைத்தார். அரை காரட்டைத் தொட்டதுமே காரட் விலை ஒரு படி ஏறிவிடும், அந்த விலை முழுக் கல்லுக்கும் விழும். நாங்கள் எடுத்தது 46 சென்ட், ஜி, வி.எஸ்.1, பட்டை, மெருகு, சமச்சீர் மூன்றிலும் எக்ஸலன்ட். குறுக்களவு 5 மில்லிமீட்டர், அதாவது அந்த 50 சென்ட் கல்லைவிடப் பெரிதாகத் தெரியும். விலை 88,000.

அம்மாவுக்கு 'ப்ளூ ஜாகர்' வேண்டும். அவர் காலத்துத் தோட்டுக்கல் பேச்சு அது. தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்திலிருந்து வந்த நீலம் கலந்த வெள்ளைக் கற்களுக்கு ஏற்பட்ட பெயர், இன்று நல்ல கல்லுக்கெல்லாம் கடைக்காரர்கள் சொல்கிறார்கள். சான்றிதழில் அப்படி ஒரு தரமே கிடையாது. அம்மா கேட்ட மாதிரி ஒன்றை வியாபாரி புற ஊதா டார்ச்சில் காட்டினார், பளீரென்று நீலமாக ஒளிர்ந்தது. அதையே வெயிலில் பிடித்தபோது பால் கலந்த மாதிரி மங்கல். விலை குறைவுதான், ஆனால் அம்மாவே வேண்டாம் என்றுவிட்டார். கரும்புள்ளி இருக்கக் கூடாது என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. இந்த அளவுக் கல்லுக்குப் பெரும்பாலும் வருகிற சுருக்கச் சான்றிதழில் குறை எங்கே இருக்கிறது என்ற படம் இருக்காது, அதனால் லென்ஸில்தான் பார்க்க வேண்டும். நாங்கள் எடுத்த கல்லில், பத்து மடங்கு லென்ஸில் ஓரமாக ஒரு வெள்ளைக் கீற்று, அவ்வளவுதான்.

அப்புறம் எண். கல்லின் இடுப்பு மாதிரி ஓடும் மெல்லிய விளிம்பில் சான்றிதழ் எண்ணை லேசரில் பொறித்திருக்கிறார்கள். சாமணத்தில் கல்லைப் பிடித்து மைக்ரோஸ்கோப்பின் கீழ் மெதுவாகத் திருப்பினார். முதலில் வெறும் சாம்பல் நிறக் கோடு, இன்னும் கொஞ்சம் திருப்பியதும் எண்கள் எழுந்து நின்றன. நான் ஒவ்வொன்றாகப் படிக்க, தங்கை போனில் ஜி.ஐ.ஏ. இணையதளத்தைத் திறந்து வைத்து "சரிண்ணா, சரிண்ணா" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். எடை, அளவு, நிறம், எல்லாம் பொருந்தியது.

அந்தக் கல்லை வைத்துப் பத்தர் மோதிரம் செய்ததில் பிரச்சினை இல்லை. 18 காரட் தங்கம், ஹால்மார்க், எழுத்தும் எண்ணுமாக ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. (அந்த நகைக்கே உரிய அடையாளக் குறி), 3 சதவீத ஜி.எஸ்.டி. பில்லில் ஒன்று மட்டும் பாருங்கள்: கல்லின் எடையைக் கழித்துத்தான் தங்கத்துக்குக் காசு போட வேண்டும். கல்லின் எடையில் ஒரு காரட் என்பது 0.2 கிராம் (தங்கத்தின் காரட் வேறு, அது தூய்மை). திருச்சிக் கடையின் எஸ்டிமேட்டில் கழிக்கவே இல்லை.

வாங்கப் போன அன்று மறுபடி எண்ணைப் பார்க்கக் கேட்டோம். கல்லைப் பிடிக்கும் கம்பி ஒன்று எண்ணின் பின்பாதியை மறைத்திருந்தது. பத்தர் முகம் சுளிக்கவில்லை. கம்பியை நிமிர்த்தி, கல்லை ஒரு துளி திருப்பி மறுபடி மடக்கினார், அரை மணி நேரம். இந்த முறை லென்ஸைத் தங்கையே வாங்கிக்கொண்டாள். கடைசி நான்கு எண்ணையும் சத்தமாகப் படித்துவிட்டுத்தான் விரலில் போட்டுக்கொண்டாள்.